கடித்துவிட்ட நாயை என்ன செய்வது? சங்கிலி, பிரம்பு, சத்திரசிகிச்சை, வேலி, பழக்கம்

ஐப்பசி மழை விடாமல் பெய்த ஒரு மாலையில் எங்கள் நாய் பிரவுனி பக்கத்துக் காம்பரா அத்தையைக் கடித்துவிட்டது. நாங்கள் இருப்பது இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டத்து லயத்தில்; தொழிலாளர்களின் வரிசை வீடு அது, அதில் ஒவ்வொரு குடும்பத்தின் அறையும் ஒரு காம்பரா. மலையிலிருந்து இறங்கி வந்த அத்தை, தலைக்குக் கொங்காணி என்ற மழைப் போர்வை போட்டு, இடுப்பில் படங்கு என்ற முரட்டு விரிப்பைக் கட்டி, வெறுங்கூடையை முதுகில் தொங்கவிட்டபடி எங்கள் இஸ்தோப்பை, அதாவது முன்திண்ணையை, தாண்டினார். நாள்தோறும் அவர் நடக்கிற வழிதான். லயத்தில் வேறு வழியும் கிடையாது. தூணில் கட்டிக் கிடந்த நாய் சங்கிலி எட்டும் மட்டும் பாய்ந்து, மணிக்கட்டுக்குச் சற்று மேலே பல்லைப் பதித்தது. இரண்டு குழி. ஆழமில்லை, ஆனால் மழைத் தண்ணீரோடு சேர்ந்து இரத்தம் முழங்கை வரைக்கும் வழிந்தது.

வீட்டிலிருந்து கோப்பித்தூள் டப்பாவோடு ஓடி வந்தார்கள். கோப்பித்தூள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதையுமே நாய்க்கடிக் காயத்தில் வைக்கக் கூடாது. அத்தையைக் குழாயடிக்குக் கூட்டிப் போய், ஓடுகிற தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவினோம். விசர்நாய்க்கடி (ரேபீஸ்) வைரஸைக் காயத்திலேயே அழிப்பதற்கு அதைவிட நல்ல முதலுதவி இல்லை. பிறகு முச்சக்கர வண்டி பிடித்து வைத்தியசாலைக்குப் போனோம். அரசாங்க வைத்தியசாலையில் இந்தத் தடுப்பூசிக்குக் காசு வாங்குவதில்லை. நோயின் அறிகுறி தெரிந்த பிறகு பிழைத்தவர்கள் உலகத்திலேயே விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தான். ஆகவே, 'சின்னக் காயம்தானே, நாளைக்குப் பார்க்கலாம்' என்று தயவுசெய்து யாரும் வீட்டில் இருந்துவிடாதீர்கள்.

வைத்தியர் நாயின் தடுப்பூசி அட்டையைக் கேட்டார். கடைசித் தேதி ஒன்றரை வருடத்துக்கு முந்தியது. வருடா வருடம் தோட்டத்துக்கே வந்து இலவசமாகப் போட்டுவிட்டுப் போகிற ஊசி. அன்றைக்கு எனக்கு வேலை இருந்தது என்று விட்டுவிட்டேன். அந்த அட்டையை நீட்டியபோது என் கை கூசியது.

நாயைக் கொல்ல வேண்டாம், கட்டி வைத்து, சொல்கிற நாள் வரைக்கும் கவனியுங்கள் என்றார் வைத்தியர். விசர் பிடித்த நாய் சில நாட்களில் தானே செத்துவிடும். தின்று குடித்து நல்லபடியாக இருந்தால், கடித்த அன்று அதன் எச்சிலில் நோய் இருக்கவில்லை என்று தெரிந்துவிடும். ஆத்திரத்தில் அடித்துக் கொன்று புதைத்துவிட்டால் கடிபட்டவருக்குத்தான் நஷ்டம்.

அன்றிரவு எங்கள் இஸ்தோப்பில் ஒரு பஞ்சாயத்தே கூடியது. சங்கிலியைப் பாதியாகக் குறைத்துவிடு என்றார் எதிர் லயத்து அண்ணன். நாலு நாளைக்குப் பிரம்பால் வெளுத்தால் சரியாகும் என்றார் இன்னொருவர். காயடித்துவிட்டால் அடங்கிவிடும் என்பது என் மாமாவின் கட்சி. கந்தப்பளையில் மரக்கறித் தோட்டம் செய்கிற மைத்துனர், கடிக்கிற நாய்தான் காவலுக்கு நல்லது, என்னிடம் கொடுங்கள் என்று தொலைபேசியில் சொன்னார். அத்தையின் மகன் ஊசி போட்டு முடித்துவிடச் சொன்னான்; அம்மாவின் கையில் கட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவன், அவனைக் குறை சொல்ல முடியாது. எல்லாரும் பேசி ஓய்ந்த பிறகு அத்தை ஒன்று சொன்னார்: "அது என்னைக் கடிக்கவில்லை தம்பி. கொங்காணியைக் கடித்தது. வெயில் நாளில் என் கையை நக்குகிற நாய்தானே அது."

அத்தனை பேர் பேசியதில் நாயைக் கண்ணால் பார்த்துப் பேசியவர் அவர் ஒருவர்தான். மற்ற எல்லாரும் நாயை என்ன செய்வது என்று சொன்னார்கள். நாய் எதற்குக் கடித்தது என்று கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அதற்குப் பிறகான ஏழெட்டு மாதத்தில், மேலே சொன்ன வழிகள் ஒவ்வொன்றையும் விசாரித்தும் சிலவற்றைச் செய்தும் பார்த்தேன். எந்த வழியும் எல்லா நாய்க்கும் பொருந்தாது. வலியால் கடிக்கிற நாயைப் பழக்கப் போனால் மேலும் கடி வாங்குவோம். பயத்தால் கடிக்கிற நாயைக் காயடித்தால் காசும் நாளும் போகும், கடி நிற்காது. ஆகவே நாய் எதற்குக் கடித்தது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் எதையும் தொடங்காதீர்கள்.

அதற்கு முதலில் போக வேண்டிய இடம் மிருக வைத்தியரிடம். இதுவரை சாதுவாக இருந்த நாய் திடீரென்று உறுமுகிறது, தொட்டால் திரும்பிப் பாய்கிறது என்றால் பாதி நேரம் உடம்பில் எங்கோ நோகிறது என்று அர்த்தம். காதுக்குள் சீழ், சொத்தைப் பல், இடுப்பு மூட்டு வலி, கண் மங்குதல், தைராய்டுக் குறைவு எல்லாமே நாயைச் சிடுசிடுப்பாக்கும். மழை விடாத எங்கள் பக்கத்தில் காதுப் புண் மிகச் சாதாரணம். காது மடல் தொங்குகிற சாதி நாய்களுக்கு இன்னும் அதிகம். பிரதேச கால்நடை வைத்திய அலுவலகத்தில் இதைப் பார்ப்பார்கள். சிக்கலான கேஸ் என்றால் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்தின் வைத்தியசாலை இருக்கிறது. அட்டனிலிருந்தோ நுவரெலியாவிலிருந்தோ கடிக்கிற நாயோடு அவ்வளவு தூரம் போவது லேசில்லை என்று தெரியும். இருந்தாலும் ஒரு தடவை போய் வருவதற்கு ஆகும் செலவு, இன்னொரு கடிக்கு ஆகும் செலவைவிடக் குறைவு. நாய் திடீரென்று குரல் மாறி, கண்டதையெல்லாம் கடித்து, எச்சில் வடித்துக்கொண்டு திரிந்தால் மட்டும் கிட்டப் போகாதீர்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு உடனே சொல்லுங்கள்.

பிரவுனிக்கு உடம்பில் ஒன்றுமில்லை. மிருக வைத்தியர் இரண்டு கேள்வி கேட்டார். எத்தனை வாரத்தில் குட்டியைக் கொண்டு வந்தீர்கள்? ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் கட்டியிருக்கிறது? ஐந்து வாரத்தில், காலையில் பிரட்டுக்கு (தோட்டத்தில் வேலை பிரித்துக் கொடுக்கும் இடம்) போகும்போது கட்டினால் மாலை வரைக்கும் என்றேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

இனி சங்கிலியைப் பற்றிச் சொல்கிறேன். எங்கள் மலையகத்தில் நாய் என்றாலே சங்கிலிதான். ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் காம்பராக்கள், எல்லாருக்கும் பொதுவான நடை, வேலி போட இடமில்லை. ஆகவே தூணில் கட்டுகிறோம். அதில் தப்பு நினைக்க எதுவுமில்லை என்றுதான் நானும் இருந்தேன். நாயின் பக்கத்திலிருந்து பார்த்தால் கதை வேறு. பயந்த நாய்க்கு முதலில் தோன்றுவது விலகிப் போவது. சங்கிலி அதைத் தடுத்துவிடுகிறது. விலக முடியாதபோது உறுமுகிறது. உறுமியும் வருகிறவர் வந்துகொண்டே இருந்தால் பாய்கிறது. பாய்ந்ததும் அவர் ஒதுங்கிப் போகிறார். நாய் அதில் ஒரு பாடம் படித்துக்கொள்கிறது: பாய்ந்தால் ஆபத்து விலகும். மழை நாளில் கொங்காணி போட்டவர் ஒருவர் இரண்டு முறை அந்த வழியாக நடக்கிறார் என்றால், பிரவுனி அன்றைக்கு இரண்டு முறை அந்தப் பாடத்தைப் படித்திருக்கிறது. மூன்று வருடம். சங்கிலியை இன்னும் குறுக்கினால் பாடம் இன்னும் ஆழமாகப் பதியும், அவ்வளவுதான். சங்கிலி ஒரு நாள் அறுந்தால் அல்லது கொக்கி கழன்றால் என்ன ஆகும் என்பதை நினைத்துப் பாருங்கள்.

எங்கள் மலைக்கே உரிய இன்னொரு காரணமும் இருக்கிறது. சிறுத்தை. அட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவை பக்கத்துத் தேயிலை மலைகளில் சிறுத்தை நடமாடுவது யாருக்கும் புதிய செய்தியில்லை. இரவில் லயத்துக்கு வந்து நாயைத் தூக்கிக்கொண்டு போவதும் நடக்கிறது. வெளியே கட்டிப்போட்ட நாய்க்கு ஓடித் தப்பவும் வழியில்லை. இரவெல்லாம் அந்தப் பயத்தில் இருந்த நாய் விடிந்ததும் மனிதனைப் பார்த்துச் சாந்தமாக இருக்கும் என்று எதிர்பார்க்க முடியுமா?

அவசரத்துக்குச் சங்கிலி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கடித்த அன்றும் மறுநாளும் வேறு என்ன செய்வது? அந்த நாட்களில் நாலு பேர் நடக்கிற இடத்தை விட்டு, பின்பக்கமாக, கூரைக்குக் கீழே, சுவரோரத்தில் கட்டுங்கள். யாரும் அதைத் தாண்டிப் போகாமல் இருப்பதே பாதி வைத்தியம்.

பிரம்பு விஷயத்தில் எனக்கு இரண்டு பேச்சு இல்லை. அடிக்காதீர்கள். 2009இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழக மிருக வைத்தியர்கள் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. நாயின் நடத்தைக் கோளாறுக்காக வந்த உரிமையாளர்களிடம் வீட்டில் என்னென்ன செய்து பார்த்தீர்கள், அதற்கு நாய் என்ன செய்தது என்று கேட்டிருக்கிறார்கள். அடித்தோ உதைத்தோ பார்த்தவர்களில் 43 வீதமானோர், நாய் பதிலுக்கு ஆக்ரோஷம் காட்டியது என்றார்கள். மல்லாக்கப் புரட்டி அமுக்கிப் பிடித்தவர்களில் 31 வீதம். முறைத்துப் பார்த்ததற்கே 30 வீதம். 'நீதான் தலைவன் என்று காட்டு' என்ற பேச்சின் மூலம், அடைத்து வைத்த ஓநாய்களைப் பார்த்து 1947இல் ருடால்ஃப் ஷெங்கெல் எழுதியது. காட்டிலேயே ஓநாய்களோடு பல வருடம் கழித்த டேவிட் மெச், ஓநாய்க் கூட்டம் என்பது தாய், தகப்பன், பிள்ளைகள் உள்ள குடும்பம், தலைமைக்குச் சண்டை போடும் படையல்ல என்று 1999இல் எழுதிவிட்டார்.

அடியில் இன்னொரு கேடு இருக்கிறது, அதுதான் எனக்குப் பெரியதாகப் படுகிறது. உறுமியதற்காக அடி வாங்குகிற நாய் உறுமுவதை விட்டுவிடும். பயத்தை விடாது. உறுமல் என்பது நாய் நமக்குத் தருகிற கடைசி எச்சரிக்கை. அதற்கு முன்னாலேயே அது முகத்தைத் திருப்பும், உதட்டை நக்கும், காதைப் பின்னுக்கு மடக்கும், கண்ணின் வெள்ளை தெரியப் பார்க்கும், உடம்பு கல்லாக உறையும். இதையெல்லாம் நாம் கவனிப்பதில்லை. உறுமலையும் அடித்து அழித்துவிட்டால், 'சும்மா இருந்த நாய் திடீரென்று கடித்துவிட்டது' என்று சொல்லும் நிலைமைக்கு நாமே கொண்டுவந்து விடுகிறோம்.

காயடிப்பதைப் பற்றி மாமா சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. பெட்டை நாய் பருவத்துக்கு வரும்போது ஊர்க் கடுவன்கள் கூடிச் சண்டை போடுகின்றன. விலக்கப் போகிறவர் கடி வாங்குகிறார். குட்டி போட்ட பெட்டை குட்டிகளைக் காக்கக் கடிக்கிறது. இந்த வகைக் கடிகளுக்குக் கருத்தடைச் சத்திரசிகிச்சைதான் சரியான வழி. குட்டிகளைச் சாக்கில் போட்டுத் தேயிலை வளைவில் விட்டுவிட்டுப் போகிற கொடுமையும் அதனால் குறையும். ஆனால் ஆளைப் பார்த்துப் பயந்து கடிக்கிற நாய்க்கு இதில் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். 1997இல் வெளியான கலிபோர்னிய ஆய்வு ஒன்றில் காயடித்த கடுவன் நாய்களைப் பின்தொடர்ந்து பார்த்தபோது, ஊர் சுற்றுவதும் கண்ட இடத்தில் மூத்திரம் அடிப்பதும் 60 வீதத்துக்கு மேற்பட்ட நாய்களில் பாதிக்குப் பாதியாவது குறைந்திருந்தன. ஆக்ரோஷம் அந்த அளவுக்குக் குறைந்தவை 35 வீதத்துக்கும் கீழேதான். பிரவுனிக்கும் செய்தோம். வேறு நாய்களோடு மல்லுக்கு நிற்பது குறைந்தது. கொங்காணியைக் கண்டால் குரைப்பது அப்படியே இருந்தது.

மைத்துனரிடம் கொடுத்துவிடலாமா என்று உண்மையிலேயே யோசித்தேன். சுமை இறங்கிவிடும். ஆனால் அங்கே போனால் அதைப் பாத்தியோரத்தில் கட்டுவார்கள்; மரக்கறி ஏற்ற வருகிற லொறிக்காரரும் கூலிக்கு வருகிற பெண்களும் அதைத் தாண்டித்தான் நடக்க வேண்டும். கடி இடம் மாறும், அவ்வளவுதான். சிறு பிள்ளைகள் இல்லாத, ஆள் நடமாட்டம் குறைந்த, வேலி போட்ட வீடு ஒன்று கிடைத்து, நாயின் குணத்தை ஒளிக்காமல் சொல்லிக் கொடுத்தால் அது நல்ல வழி. ஒளித்துக் கொடுப்பது அந்த வீட்டுப் பிள்ளைக்குச் செய்யும் துரோகம். டவுனில் இறக்கிவிட்டு வருவது அதைவிட மோசம். அங்கே கடிபட்டவருக்கு எந்த நாய், யாருடைய நாய், ஊசி போட்டதா என்று கேட்க ஆளே இருக்காது. நாயைப் பதிவு செய்து வைத்திருக்க வேண்டும் என்பது இங்கே 1901ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்திலிருந்தே உள்ள கடமை. கடிக்கிற நாயைத் தெருவில் விடுகிறவர் அந்தக் கடமையை ஊரின் தலையில் கட்டிவிட்டுப் போகிறார்.

பயிற்சியாளரிடம் அனுப்புவதைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை. நாய் தப்புச் செய்தால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று முதலில் கேளுங்கள். கழுத்து முள்பட்டை, மின்சாரப் பட்டை, பட்டினி என்று பதில் வந்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

மிஞ்சியவை இரண்டு: வேலியும் பழக்கமும். இவற்றில் எது என்று கேட்டால், இரண்டும் சேர்ந்துதான். ஆனால் வேலி முந்த வேண்டும்.

எங்களுடையது லயத்தின் கடைசிக் காம்பரா. பின்னால் லீக்ஸும் கோவாவும் போடுகிற கொஞ்ச இடம் இருக்கிறது. அதில் ஆறடிக்குப் பத்தடி அளந்து, சவுக்குக் கம்பு நட்டு, கம்பி வலை அடித்து, ஒரு மூலையில் தகரக் கூரையோடு பலகைப் பெட்டி வைத்தோம். பெட்டியை நிலத்திலிருந்து ஒரு சாண் உயர்த்தி, உள்ளே பழைய சாக்கு விரித்தோம். மார்கழி, தை மாதத்துப் பனிக்கு அது வேண்டும். கம்பி வலையின் அடியை நிலத்துக்குள் புதைத்துக் கல் வைத்தோம், தோண்டிக்கொண்டு வெளியே வராமலிருக்க. நடைவழிப் பக்கத்தை மட்டும் பழைய தகரத்தால் மறைத்தோம். இந்தத் தகரம்தான் முக்கியம். வலைக்கு அந்தப் பக்கம் ஆள் போவது தெரிந்தால் வேலிக்குள் இருந்தும் நாய் பாய்ந்து பாய்ந்து குரைக்கும். பழைய பாடம்தான் தொடரும். பார்வையை மறைத்த அன்றே பிரவுனியின் குரைப்பு பாதியாகக் குறைந்தது. கொட்டிலில் அடைத்து மறந்துவிடக் கூடாது. காலையிலும் மாலையிலும் கயிற்றில் நடத்திக் கூட்டிப் போகிறேன், ஆள் குறைந்த ரோட்டில். இரவில் வீட்டுக்குள் படுக்கிறது.

இப்போது 7 பேர்ச்சஸ் காணியில் தனி வீடு கிடைத்தவர்கள் பலர் இருக்கிறார்கள். வீடு கட்டும்போதே படலையும் வேலியும் நாய்க்கு ஒரு மூலையும் சேர்த்து யோசியுங்கள். லயத்தில் நம்மால் முடியாதது அங்கே முடியும்.

வேலி கடியைத் தடுக்கும், பயத்தைப் போக்காது. அதற்குத்தான் பழக்கம். மிருக வைத்தியர் சொல்லித்தந்த முறை கேட்பதற்கு எளிது. பொறுமைதான் நிறைய வேண்டும். பயப்படுகிற பொருளை, நாய் பயப்படாத அளவு தூரத்தில் காட்ட வேண்டும். காட்டியவுடன் அதற்கு மிகப் பிடித்த தின்பண்டம் கொடுக்க வேண்டும். பொருள் மறைந்ததும் தின்பண்டமும் நிற்க வேண்டும். பிரவுனிக்குப் பிடித்தது அவித்த கோழி ஈரல். சுண்டுவிரல் நகமளவு நறுக்கி ஒரு போத்தலில் வைத்துக்கொண்டேன்.

முதல் நாள் கொங்காணியை ஆள் இல்லாமல் நாற்பதடி தள்ளிக் கொடியில் போட்டோம். பிரவுனி பார்த்தது, காதை நிமிர்த்தியது, குரைக்கவில்லை. ஈரல். கொங்காணியை எடுத்தோம், ஈரலும் நின்றது. ஐந்து நிமிடம்தான், அதற்கு மேல் கிடையாது. நாலைந்து நாளில் கொங்காணியைக் கண்டதும் அது என் கைப் போத்தலைத் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தது. அந்தத் திரும்பல்தான் அடையாளம்: 'பயமான பொருள் வந்தால் எனக்கு நல்லது நடக்கும்' என்று அதன் தலைக்குள் கணக்கு மாறியிருக்கிறது. பிறகு முப்பத்தைந்து அடி. பிறகு என் மகள் அதைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். பிறகு தலையில். பிறகு நடந்தாள். ஒரு நாள் அவசரப்பட்டு இருபதடிக்குள் வரச் சொல்லிவிட்டேன். நாய் உறைந்து, உறுமியது. தப்பு என்னுடையது. மறுநாள் மறுபடி நாற்பதடியிலிருந்து தொடங்கினோம், ஒரு வாரம் வீணானது. உறுமல் வந்தால் தண்டனை இல்லை, தூரத்தைக் கூட்ட வேண்டும். இதை நான் மனத்தில் பதித்துக்கொள்ள ஒரு மாதம் ஆனது.

படங்கின் சரசரப்புக்குத் தனியாகப் பழக்க வேண்டியிருந்தது. முதலில் வீட்டுக்குள் மெல்லக் கசக்கி, பிறகு சத்தமாக. நாய்க்குக் கொங்காணியும் படங்கும் கூடையும் தனித்தனிப் பூதங்கள். மூன்றும் ஒன்றாக வந்த அன்றுதான் அது கடித்தது.

அத்தையோடு பழக்கத் தொடங்கியபோது வாய்க்கூடை போட்டோம். கயிற்றால் வாயை இறுக்கிக் கட்டுவது வேறு, வாய்க்கூடை வேறு. கூடை வடிவில் உள்ளது போட்டால் நாய் வாயைத் திறந்து மூச்சு வாங்கலாம், தண்ணீர் குடிக்கலாம், கம்பி இடைவெளியால் ஈரல் வாங்கித் தின்னலாம். நாய்க்கு உடல் சூடு தணிவதே வாய் திறந்து இரைப்பதால்தான். இறுக்கிக் கட்டினால் ஆபத்து. கூடையையும் திடீரென்று மாட்டக் கூடாது. உள்ளே ஈரல் வைத்து, அதுவாக மூக்கை நுழைக்கும் வரைக்கும் பத்து நாள் காத்திருந்தோம். அத்தை அருகே வந்து, நாயின் முகத்தைப் பார்க்காமல், பக்கவாட்டில் நின்று, ஈரலைத் தரையில் போட்டுவிட்டுப் போவார். கடித்த நாய்க்காக மழையில் வந்து நின்ற அந்த மனுஷிக்கு நான் என்ன கைம்மாறு செய்ய முடியும்?

சில நாய்களுக்குப் பயம் இவ்வளவு ஆழமாக இருக்கும், பழக்கவே இடம் கொடுக்காது. அப்போது மிருக வைத்தியர் ஃபுளுவொக்செட்டீன் போன்ற மருந்தைப் பழக்கத்தோடு சேர்த்துத் தரக்கூடும். அது வேலை செய்யத் தொடங்க வாரக் கணக்கில் ஆகும். மனிதனுக்குக் கொடுத்த தூக்க மாத்திரையை உடைத்துக் கொடுக்கும் வேலை மட்டும் வேண்டாம்.

அத்தையின் மகன் சொன்ன வழியையும் நான் ஒதுக்கிவிட்டுப் போக முடியாது. கருணையோடு ஊசி போட்டு முடிப்பது சில நாய்களுக்கு நியாயமான முடிவுதான். இயன் டன்பார் என்ற மிருக வைத்தியர் கடியை ஆறு படியாகப் பிரித்திருக்கிறார். முதல் படியில் காற்றைத்தான் கடிக்கிறது, இரண்டாவதில் பல் படும், தோல் கிழியாது. மூன்றாவதில் ஒரே கடி, ஆழமில்லாத குழிகள், பிரவுனியினுடையது இது. நான்காவதில் குழி ஆழமாக இறங்கும், பிடித்து உலுக்கியிருக்கும். ஐந்தாவதில் ஆழமான கடி பல. ஆறாவது உயிரைக் குடித்தது. மூன்று வரைக்கும் பழக்கிப் பார்க்கலாம். நான்குக்கு மேல் போன நாயை, வீட்டில் பிள்ளைகளும் அடைக்க இடமில்லாத நிலையும் இருந்தால், வைத்திருப்பது அன்பாகாது என்பது என் எண்ணம். எச்சரிக்கையே இல்லாமல் கடிக்கிற பெரிய நாய்க்கும் அதுதான். அந்த முடிவை மிருக வைத்தியரோடு உட்கார்ந்து எடுங்கள், ஆத்திரத்தில் அல்ல. எடுத்தவரை யாரும் கொலைகாரர் என்று பேசவும் வேண்டாம்.

இனிக் குட்டி வளர்க்கப் போகிறவர்களுக்கு. இவ்வளவு பாடும் எனக்கு வந்தது ஐந்து வாரக் குட்டியை ஆசையில் தூக்கி வந்ததால். எட்டு வாரம் வரைக்கும் குட்டி தாயோடும் கூடப்பிறந்தவற்றோடும் இருக்க வேண்டும். எவ்வளவு அழுத்திக் கடித்தால் மற்றதுக்கு நோகும் என்பதை அங்கேதான் படிக்கிறது. மூன்றாவது வாரத்திலிருந்து ஏறத்தாழ பதினான்காவது வாரம் வரைக்கும் குட்டியின் மனக் கதவு திறந்திருக்கிறது. அந்த நாட்களில் பயமில்லாமல் கண்டது எல்லாம் அதற்கு உலகத்தின் சாதாரணப் பொருளாகிவிடும். காணாதது பின்னால் பூதமாகும். ஆகவே கையில் தூக்கிக்கொண்டாவது காட்டுங்கள்: கொங்காணி போட்ட ஆள், கூடை, குடை, ஹெல்மெட், கைத்தடி ஊன்றும் தாத்தா, பிள்ளைக் காம்பராவிலிருந்து (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகம்) கத்திக்கொண்டு வருகிற பிள்ளைகள், கொழுந்து லொறி. மாசியில் காமன் கூத்துக்குத் தப்பு மேளம் அடிக்கும் சத்தத்தைத் தூரத்திலிருந்து கேட்கவிட்டுத் தின்பண்டம் கொடுங்கள். தீபாவளி வெடிக்கு முன்னால் உள்ளறையில் வைத்துக் கதவைச் சாத்துங்கள்.

பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. பிள்ளைகளைக் கடிப்பது பெரும்பாலும் தெரு நாயல்ல, தெரிந்த நாய். தின்கிறபோதும் தூங்குகிறபோதும் குட்டியோடு இருக்கிறபோதும் கிட்டப் போகக் கூடாது. கட்டிப்பிடித்து முகத்தோடு முகம் வைக்கக் கூடாது. நாய் ஓடி வந்தால் ஓடாமல், கையை உடம்போடு ஒட்டி, தரையைப் பார்த்து மரம் போல நிற்க வேண்டும். எங்கள் லயத்துப் பிள்ளைகளுக்கு என் மகள் இதை விளையாட்டாகவே சொல்லிக் கொடுத்திருக்கிறாள்.

இப்போது பிரவுனிக்கு அத்தையைக் கொங்காணியோடு பத்தடியில் கண்டால் வாலாட்டம்தான். ஆனால் தெரியாத ஆள் கொங்காணியோடு வந்தால் இன்னும் உடம்பு விறைக்கிறது. ஆகவே வீட்டுக்கு ஆள் வருகிற நாளில் அது பின்னால் கொட்டிலில் இருக்கும். ரோட்டில் நடக்கும்போது வாய்க்கூடை இருக்கும். அத்தையின் பேரப்பிள்ளையோடு அதைத் தனியே விடுவதில்லை. தடுப்பூசி அட்டையைக் கதவுக்குப் பின்னால், சாமி படத்துக்குக் கீழே ஆணியில் மாட்டியிருக்கிறேன். அடுத்த தேதியை அத்தைதான் சிவப்புப் பேனையால் எழுதி வைத்தார்.